சிரிக்க வைக்கிற டாக்டரிடம் ஊசி போட்டுக்கொள்வார்களா?

எனக்கு எழுதிக் கேட்டவர் மலேசியாவில், பேராக்கில் ஓர் அரசு மருத்துவமனையில் ஹவுஸ்மன், அதாவது படிப்பை முடித்துவிட்டுப் பயிற்சியில் இருக்கும் டாக்டர். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். படிக்கிற காலத்திலிருந்தே ஜோக் எழுதி வைக்கும் பழக்கம் உண்டு. அவற்றைப் பத்திரிகைகளின் ஞாயிறு பதிப்புக்குப் படத்தோடு வருகிற மாதிரி அனுப்ப ஆசை. "டாக்டர் வேலையோடு இதற்கு நேரம் கிடைக்குமா, எங்கிருந்து தொடங்குவது?" என்பது கேள்வி. ஆனால் நடுவில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: "டாக்டருக்குப் படித்துவிட்டுக் கோமாளி வேலை எதற்கு என்று அப்பா கேட்கிறார்." கேள்வியே அதுதான். கிளினிக்கில் இதைத் தினமும் பார்க்கிறேன். தலைவலி என்று வருவார்கள். மருந்தை வாங்கிக்கொண்டு கதவைத் திறக்கிற நேரத்தில் திரும்பி, "அப்புறம் டாக்டர், நெஞ்சுல லேசா ஒரு இறுக்கம்" என்பார்கள். வந்ததே அதற்காகத்தான். அதனால் நேரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, அப்பாவின் கேள்விக்கு அதிக இடம் கொடுக்கிறேன். நீங்கள் எழுதிக் காட்டிய ஜோக்கைக் கடைசியில் பார்க்கலாம்.

நான் பெஸ்தாரி ஜெயாவில் 27 வருடமாகக் கிளினிக் வைத்திருக்கிறேன். சுற்றிலும் செம்பனை. முன்பு ரப்பரும் ஈயமும். ஊரின் பழைய பெயர் பத்தாங் பெர்ஜுந்தை. 2007-இல் மாற்றினார்கள். ஏன் மாற்றினார்கள் என்று மலாய் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்கு ஒரு டாக்டர் விளக்கினால் நன்றாக இருக்காது. பெரியவர்கள் இன்னும் 'பத்தாங்' என்றுதான் சொல்கிறார்கள். பெயரிலேயே ஜோக்கை வைத்துக்கொண்டிருந்த ஊரில் ஜோக் எழுத வந்தது என் தவறு அல்ல. புனைபெயரில் 22 வருடமாக எழுதுகிறேன். அச்சில் வந்தவை அறுநூறு இருக்கும், வராதவை அதைப்போல் நாலு மடங்கு. படம் வரையத் தெரியாது. நான் வரைந்தால் ஸ்டெதாஸ்கோப் உடும்பு மாதிரி வரும். அது தேவையும் இல்லை. நம் பத்திரிகை வழக்கில் ஜோக் ஒருவருடையது, படம் இன்னொருவருடையது. படத்தில் ஓவியரின் கையெழுத்து இருக்கும், கீழே உங்கள் பெயர் வரும்.

நேரம் என்று பார்த்தால், ஒரு ஜோக்கை எழுத இரண்டு நிமிடம் போதும். அது வந்து சேரத்தான் இரண்டு வாரமோ இரண்டு வருடமோ ஆகிறது. ஹவுஸ்மன் காலம் இரண்டு வருடம், நாலு மாதத்துக்கு ஒரு துறை. அந்த இரண்டு வருடத்தில் எதையும் எழுதி முடிக்க முயலாதீர்கள். தூக்கம் கெட்டவன் எழுதும் ஜோக் அவனுக்கு மட்டும் சிரிப்பாக இருக்கும். பாக்கெட்டில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டு காதில் விழுவதில் ஒரு சொல், ஒரு குழப்பம் என்று குறித்து வையுங்கள். நோயாளியின் பெயரோ கட்டில் எண்ணோ வார்டோ அதில் இருக்கக்கூடாது. நோட்டு தொலையும். என்னுடையது இரண்டு தடவை தொலைந்தது. ஒரு தடவை சாப்பாட்டுக் கடைக்காரர் திருப்பிக் கொடுத்துவிட்டு, "மூணாவது பக்கம் புரியல டாக்டர்" என்றார்.

சரி, கோமாளி விஷயம். உங்கள் அப்பாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: தமிழ்ப் பத்திரிகை ஜோக்கில் டாக்டர் எப்போதோ கோமாளி ஆகிவிட்டார். உங்கள் மகன் எழுதினாலும் எழுதாவிட்டாலும் அந்த நாற்காலி காலியாக இல்லை. நான் எண்பதுகளில் மெட்ராஸில் படித்தேன். விடுதியில் வார இதழ் வந்ததும் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டுவோம். அரசியல்வாதி, மாமியார், டாக்டர் என்று மூன்று பேர்தான் வாராவாரம் அடி வாங்குவார்கள். அதிலும் டாக்டர் ஜோக் கொஞ்சம் கொடூரமானது. ஆபரேஷன் மேசையில் ஆள் போய்விடுவார், நர்ஸ் ஒரு வரி சொல்வாள், அவ்வளவுதான். மாணவனாக இருந்தபோது எனக்கு அது அநியாயமாகப் பட்டது. வேலைக்கு வந்த பிறகுதான் புரிந்தது. சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்திருக்கிறவனுக்கு எந்த அதிகாரமும் இல்லை. என்ன மருந்து, எவ்வளவு காசு, பிழைப்பேனா எதுவும் அவன் கையில் இல்லை. அவன் டாக்டரைத் திருப்பி அடிக்க முடிந்த ஒரே இடம் அந்த இரண்டு அங்குலப் படம். அதைப் பிடுங்கக்கூடாது. நீங்கள் டாக்டராக இருந்துகொண்டு அவன் பக்கம் நின்று எழுதினால் அது இன்னும் நன்றாக இருக்கும், ஏனென்றால் எங்கே அடித்தால் வலிக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

ஆனால் மெட்ராஸ் ஜோக்கை அப்படியே இங்கே இறக்குமதி செய்தால் ஓடாது. ஒரு சின்ன உதாரணம். அங்கே "சுகர் 300" என்றால் வாசகருக்குத் தூக்கிவாரிப்போடும். இங்கே நாம் வேறு அலகில் அளக்கிறோம். அந்த 300-ஐ 18-ஆல் வகுத்தால் வருகிற 16.7-தான் நம் மீட்டரில் தெரியும். நம் ஊர் வாசகர் 300 என்று படித்தால் ஆள் செத்துவிட்டார் என்று நினைப்பார். அங்கே கம்பவுண்டர், இங்கே தோட்டத்து டிரெஸ்ஸர். அங்கே சர்க்கரை நோய், இங்கே நம் பாட்டிமார் சொல்வது இனிப்பு நீர். அங்கே லீவு லெட்டர், இங்கே எம்சி என்கிற மருத்துவச் சான்று. எம்சி ஒன்றே போதும், பத்து வருடத்துக்கு ஜோக் எழுதலாம். வேலைச் சட்டப்படி, வேலையில் சேர்ந்து எத்தனை வருடம் என்பதைப் பொறுத்து, வருடத்துக்கு 14, 18 அல்லது 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. டிசம்பர் மாதம் மிச்சமிருக்கிற நாள்களை எண்ணிக்கொண்டு வருவார்கள். நான் எழுதியதில் ஊரில் அதிகம் சுற்றியது இதுதான்: "டாக்டர், ரெண்டு நாளைக்கு எம்சி வேணும்." "உடம்புக்கு என்ன?" "அதை நீங்கதான் எழுதணும்." இது பத்திரிகையில் வந்து ஒரு வருடம் கழித்து, ஒரு நோயாளி வாட்ஸ்அப்பில் வந்ததாக எனக்கே காட்டினார். என் பெயர் போய், கீழே ஒரு ரோஜாப் பூவும் 'காலை வணக்கம்'மும் சேர்ந்திருந்தன. சிரித்துவிட்டு எம்சி எழுதிக் கொடுத்தேன்.

தொழில்நுட்பம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு விஷயம் எனக்குத் தெரிய ரொம்ப நாள் ஆனது, அதைச் சொல்லிவிடுகிறேன். தமிழில் வினை கடைசியில் வரும். இல்லை, மாட்டேன், முடியாது எல்லாமே வாலில்தான் இருக்கும். வாக்கியம் முழுக்க ஒரு பக்கமாகப் போய்க்கொண்டிருக்கும், கடைசிச் சொல் வண்டியைக் கவிழ்த்துவிடும். மலாயில் 'இல்லை' என்கிற 'தீடாக்' முன்னாலேயே வந்து நின்றுகொண்டு குட்டை உடைத்துவிடுகிறது. என் கிளினிக் நர்ஸ் மலாய்க்காரப் பெண். என் ஜோக்குகளை அவளுக்கு மொழிபெயர்த்துச் சொல்லித் தோற்றுப்போன ஒவ்வொரு தடவையும் இதைக் கவனித்தேன். ஆகவே சிரிக்க வைக்கிற சொல் வாக்கியத்தின் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தால், அதைக் கடைசிக்குத் தள்ள முடியுமா என்று பாருங்கள். தள்ளிய பிறகு அதற்குப் பின்னால் எதையும் வைக்காதீர்கள். 'என்றார் சிரித்தபடி' என்று ஒரு வால் இருந்தாலும் போச்சு.

இன்னொன்று, நம் மொழியின் வழக்கை அப்படியே பிடித்துக்கொள்வது. "உங்க மருந்துல வலி இருந்த இடமே தெரியல டாக்டர்." "ரொம்ப சந்தோஷம்." "இப்ப உடம்பு பூரா வலிக்குது." இதில் நான் கண்டுபிடித்தது ஒன்றுமே இல்லை, 'இருந்த இடம் தெரியல' என்று நாம் தினமும் சொல்வதை ஒரு தடவை நின்று கேட்டேன், அவ்வளவுதான். மலேசியத் தமிழருக்கு இதில் இரட்டிப்பு வசதி, பக்கத்து மொழி எப்போதும் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. மலாயில் 'அப்பா' என்றால் 'என்ன' என்று அர்த்தம், 'சாக்கிட்' என்றால் நோவு. புதிதாக வந்த மலாய் டாக்டர் "அப்பா சாக்கிட்?" என்று கேட்டால், நம் பெரியவர் "அப்பா போய்ச் சேர்ந்து இருபது வருஷம் ஆச்சு, எனக்குத்தான் முட்டி வலி" என்பார். 'மாத்தி' என்றால் சாவு. போன மாத மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு பாட்டி வாசலிலிருந்தே "மாத்திக் குடுங்க, மாத்திக் குடுங்க" என்று சத்தம் போட, என் நர்ஸ் அலறிக்கொண்டு ஓடி வந்தது கற்பனை அல்ல. இந்த மாதிரி ஜோக்கை நாகப்பட்டினத்தில் உட்கார்ந்துகொண்டு எழுத முடியாது. உங்களால் முடியும்.

ஓவியருக்கு அனுப்பும்போது காட்சிக்கு ஒரு வரி, பேச்சுக்கு இரண்டு வரி, அதற்கு மேல் வேண்டாம். படம் சொல்வதை வார்த்தை திரும்பச் சொல்லக்கூடாது. வார்த்தை மறைப்பதைப் படம் காட்டிக்கொடுத்தால் இன்னும் விசேஷம். நம் நாட்டில் தமிழ் எழுத்துக்குப் பத்திரிகைதான் பள்ளிக்கூடமாக இருந்திருக்கிறது. 1950-களின் தொடக்கத்தில் தமிழ் நேசன் 'கதை வகுப்பு' என்று நடத்தியே எழுத்தாளர்களை உருவாக்கியது. அந்தப் பத்திரிகை 2019-இல் நின்றுபோனது. மிச்சமிருக்கும் நாளிதழ்களின் ஞாயிறு பக்கங்களில் வாசகர் எழுத்துக்கு இன்னும் இடம் இருக்கிறது. காசை எதிர்பார்க்காதீர்கள். எனக்கு வந்த முதல் சன்மானம் பத்து வெள்ளி (ரிங்கிட்), அதை வாங்கப் பட்டணம் போய் வந்த பெட்ரோல் பதினைந்து வெள்ளி.

இனி நான் பட்ட அடி. இதைச் சொல்லாமல் மற்றதையெல்லாம் சொல்வது நியாயம் ஆகாது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்த ஒரு பாட்டி என்னிடம் மாதாமாதம் வருவார். இனிப்பு நீர், காலில் உணர்ச்சி குறைவு. வெறுங்காலோடு நடக்காதீர்கள் என்று பல தடவை சொன்னேன். ஒரு நாள் அவர், "செருப்புப் போட்டா மண்ணு கோவிச்சுக்கும் ஐயா" என்றார். சிரிப்பும் வந்தது, தொண்டையிலும் என்னவோ செய்தது. அந்த வாரமே அதை ஜோக்காக்கினேன். விவரமாகத்தான் செய்தேன். பாட்டியைத் தாத்தா ஆக்கினேன், கால் நோயைக் கால் வலி ஆக்கினேன், தோட்டத்தைக் கம்பம் (மலாய்க் கிராமம்) ஆக்கினேன். ஞாயிற்றுக்கிழமை வந்தது. திங்கட்கிழமை காலை காய்கறிக் கடையில் யாரோ படித்துவிட்டு, "இது நம்ம பாட்டி பேச்சாச்சே" என்றாராம். நான் மாற்றியது பெயரையும் வேட்டி சேலையையும். மாற்றாமல் விட்டது அவருடைய வாக்கியத்தை. இந்த மாதிரி சின்ன ஊரில் மனிதரை அடையாளம் காட்டுவது பேச்சுதான், பெயர் ஒரு பேச்சுக்கு.

அடுத்த மாதம் பாட்டி வந்தார். கோபப்படவில்லை. "பேப்பர்ல வந்துட்டேனாமே" என்றார், அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து நான் கேட்டதற்கு ஆமாம், இல்லை என்பதோடு நிறுத்திக்கொண்டார். நாலு மாதம் கழித்து மருமகள் அழைத்து வந்தபோது இடது கால் விரல் கறுத்துப் போயிருந்தது. பெரியாஸ்பத்திரியில் அந்த விரலை எடுத்தார்கள். புண் எப்போது வந்தது என்று கேட்டேன். ரொம்ப நாளாக இருந்ததாம், சொல்லவில்லையாம். அந்தப் பேச்சு நின்றதுதான் காரணம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. உணர்ச்சி இல்லாத காலில் புண் யாருக்கும் தெரியாமல் வரும், நல்ல நோயாளிகளும் மறைப்பார்கள். மருத்துவனாக எனக்கு அது தெரியும். அந்த ஜோக்கை எழுதியவனுக்கு அது போதவில்லை. அவருடைய வாக்கியம் இன்றும் நான் அச்சில் போட்டதிலேயே சிறந்த வரி. அதுவும் என்னுடையது அல்ல.

அதற்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட ஒரே விதி, நோயாளி வாயிலிருந்து வந்த வாக்கியத்தைத் தொடுவதில்லை என்பது. மேலே சொன்ன 'மாத்திக் குடுங்க' கூட அந்தப் பாட்டியிடமும் நர்ஸிடமும் கேட்டு, அவர்கள் சிரித்துச் சம்மதித்த பிறகுதான். நான் பேசிய முட்டாள்தனத்தை, நர்ஸிடம் நான் வாங்கிய பேச்சை, மருந்து கம்பெனி ஆள் எனக்குக் கொடுத்த பேனா எழுதாததை எழுதுகிறேன். சரக்கு குறையும் என்று பயந்தேன், குறையவே இல்லை. "டாக்டர் ஏன் இன்னிக்குச் சிடுசிடுன்னு இருக்காரு?" "கூகுள்ல பார்த்துட்டு வந்தவர் சொன்ன நோயேதான் இருந்துச்சாம்." இது என் கதை, நானே சிடுசிடுத்தேன், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இரகசியம் காப்பது பற்றிச் சட்டப் புத்தகத்தைவிடக் கறாராகவே இருங்கள். நாம் எடுத்துக்கொள்ளும் உறுதிமொழிகளுக்கு அடிப்படையான 1948-ஆம் ஆண்டு ஜெனீவா பிரகடனம், இன்று படிக்கப்படும் வடிவத்தில், நோயாளி இறந்த பிறகும் அவர் இரகசியம் இரகசியம்தான் என்கிறது. 'அவர்தான் இப்போது இல்லையே' என்று தொடங்கும் ஜோக்கை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

சில விஷயங்களில் ஜோக்கே வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். குடிகாரன் ஜோக் தமிழில் ஒரு தனிச் சாகுபடி. நானும் முப்பதுக்கு மேல் எழுதியிருப்பேன். சம்சு என்கிற மலிவுச் சாராயம் குடித்து வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, பெண்டாட்டி தோளில் சாய்ந்து வந்தவர்களைப் பார்க்கப் பார்க்கக் கை வரவில்லை. களைக்கொல்லி இன்னொன்று. பாராகுவாட் மருந்தை 2020 ஜனவரியிலிருந்து நம் நாட்டில் தடை செய்துவிட்டார்கள். அதற்கு முன் எங்கள் தோட்டங்களில் அது எத்தனை வீட்டைக் காலி செய்தது என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். 'மருந்து குடிச்சிட்டான்' என்ற சொல்லை வைத்துச் சிலேடை செய்கிறவரோடு எனக்குப் பேச்சே இல்லை. இதெல்லாம் என் கணக்கு, உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம். சிரிக்கக்கூடாத விஷயம் என்று ஒன்றும் இல்லை, எங்கே நின்று சிரிக்கிறோம் என்பதுதான் என்று சொல்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. கார்ட்டூனிஸ்ட் லாட் அதற்கு நல்ல சாட்சி. நியூ ஸ்ட்ரெயிட்ஸ் டைம்ஸில் குற்றச் செய்தி நிருபராக இருந்த அவருக்கு அங்கே கார்ட்டூனிஸ்ட் வேலை கிடைத்ததே, 1974-இல் 'ஏசியா மேகசின்' இதழில் சுன்னத்துச் சடங்கைப் பற்றி அவர் வரைந்த படங்களால்தான். பயமும் வலியும் கூச்சமும் உள்ள விஷயம், நாடே சிரித்தது, யாருக்கும் மரியாதை குறையவில்லை. அந்தக் கை இருந்தால் எதையும் தொடலாம். எனக்கு இல்லை.

நீங்கள் அரசு ஊழியர், அதனால் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பொது அதிகாரிகளின் நடத்தை, ஒழுங்கு பற்றிய 1993 விதிகளின்படி, துறைத் தலைவரின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் கூலிக்கு வெளிவேலை செய்யக்கூடாது. அரசாங்கக் கொள்கையைப் பற்றிப் பொதுவில் கருத்துச் சொல்வதற்கும் கட்டுப்பாடு உண்டு. பத்து வெள்ளி சன்மானம் கூலியா, ஜோக் ஒரு கருத்தா என்று வாதாடலாம்தான். ஹவுஸ்மன் வாதாட வேண்டாம், ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நான் சட்டம் படித்தவன் அல்ல, உங்கள் மருத்துவமனை நிர்வாகத்தில் கேட்டுக்கொள்வதுதான் சரி. மருந்துத் தட்டுப்பாடு, அமைச்சர், மதம், இனம் பக்கம் போகவே வேண்டாம் என்பது என் யோசனை. பயந்தாங்கொள்ளி யோசனை என்று சொல்வீர்கள், ஒப்புக்கொள்கிறேன். 1987-இல் நான் மெட்ராஸில் இருந்தபோது எம்.எல்.ஏ.க்களையும் மந்திரிகளையும் பற்றிய ஓர் அட்டைப்பட ஜோக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது. எதிர்ப்பு எழுந்ததும் சில நாளில் விட்டுவிட்டார்கள். பின்னால் உயர் நீதிமன்றம் 1,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. இங்கே கார்ட்டூனிஸ்ட் ஸூனார் மீது 2015-இல் தேச நிந்தனைச் சட்டத்தில் ஒன்பது குற்றச்சாட்டுகள். 2018-இல்தான் கைவிடப்பட்டன. அவர்களுக்கு அது தொழில், துணிவும் இருந்தது. உங்களுக்கு நாளைக் காலை வார்டில் முப்பது பேர் காத்திருப்பார்கள்.

நோயாளிகள் நம்புவார்களா? என் அனுபவத்தில், தன்னையே கேலி செய்துகொள்ளும் டாக்டரிடம் ஊர் ஜனம் தாராளமாக ஊசி போட்டுக்கொள்கிறது. பாதிப் பேருக்கு என் புனைபெயர் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார்கள். ஆனால் இந்த அனுபவத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. இருப்பவர்களைத்தான் நான் பார்க்கிறேன். பிடிக்காமல் அடுத்த தெரு கிளினிக்குக்குப் போனவர்கள் சொல்லிவிட்டுப் போவதில்லை. உறுதியாகச் சொல்லக்கூடியது, எப்போது சிரிக்கக்கூடாது என்பதுதான். நோய் என்னவென்று தெரிவதற்கு முன்னால் ஜோக் அடிக்காதீர்கள். கெட்ட செய்தி சொல்லும்போது வேண்டவே வேண்டாம். அப்புறம், நோயாளி அடிக்கிற ஜோக்கைச் சும்மா விட்டுவிடாதீர்கள். செம்பனைக் குலை ஏற்றுகிற லாரி டிரைவர் ஒருவர் இருமல் மருந்துக்கு வந்தார். "லாரில பேட்டரி வீக்கு டாக்டர், ஓட்டுறவனுக்கும் அப்படித்தான் போல" என்று சிரித்தார். ஜோக் எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, இந்த ஜோக்கு எதற்காக இப்போது வந்தது என்று யோசிப்பான். மாடிப்படி ஏறினால் எப்படி என்று கேட்டேன், சிரிப்பு நின்றது. இ.சி.ஜி. எடுத்ததும் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். இப்போதும் வருகிறார், இந்தக் கதையை எழுதிக்கொள்ளச் சொன்னதே அவர்தான். உங்கள் அப்பாவுக்குச் சொல்ல என்னிடம் இருப்பதில் நல்ல பதில் இதுதான்.

சிரிப்பே மருந்து என்று சொல்லிக்கொண்டு மட்டும் கிளம்பிவிடாதீர்கள். சிரித்த பிறகு வலியைத் தாங்கும் சக்தி கொஞ்சம் கூடுகிறது என்று சிறிய ஆய்வுகள் இருக்கின்றன. நோயைக் குணமாக்கும் என்று சொல்ல ஆதாரம் இல்லை. 2013 கிறிஸ்துமஸ் இதழில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் சிரிப்பின் நன்மை தீமைகளைத் தொகுத்துப் போட்டது. தீமைப் பக்கத்தில் மயக்கம், ஆஸ்துமா, தாடை நழுவுதல், குடலிறக்கம் வெளியே தள்ளுதல் எல்லாம் இருந்தன. இனிப்பு நீரும் ஜோக்கில் குறையாது. 2019 தேசிய சுகாதார ஆய்வில் நம் நாட்டில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு அது இருந்தது, நம் இனத்தவரிடம்தான் அதிகம்.

அது உங்கள் ஜோக்கிலும் இருக்கிறது. நீங்கள் எழுதியது: "உங்க சுகர் 300 இருக்கு. இனிப்பே சாப்பிடக்கூடாதுன்னு போன மாசமே சொன்னேனே, ஏன் கேட்கல?" "நான் கேட்டேன் டாக்டர், ஆனா கடைக்காரர்தான் என்னைக் கேட்காமலே தேத்தண்ணியில சீனியைப் போட்டுட்டாரு, நான் என்ன பண்றது?" உங்களுக்குக் காது இருக்கிறது. 'கேட்பது' என்ற சொல்லுக்குள் இரண்டு அர்த்தம் ஓடுவதைப் பிடித்துவிட்டீர்கள். பிடித்த பிறகு அதன்மேல் மூட்டையை ஏற்றிவிட்டீர்கள். 300 போகட்டும், நம் ஊர் எண் அல்ல. போன மாசம் போகட்டும். 'நான் என்ன பண்றது' போயே ஆக வேண்டும். கடைக்காரரும் போகட்டும், பழியைச் சுமக்க மூன்றாவது ஆள் எதற்கு? மிச்சம் இருப்பது இது:

"இனிப்பு சாப்பிடாதீங்கன்னு சொன்னேனே, கேட்டீங்களா?"

"கேட்டேன் டாக்டர், கடையில லட்டு தீர்ந்துபோச்சாம்."

இதை உங்கள் பெயரிலேயே அனுப்புங்கள். 'டாக்டர்' பட்டமும் மருத்துவமனைப் பெயரும் வேண்டாம், விளம்பரம் மாதிரித் தெரியும். ஓவியருக்குக் காட்சிக் குறிப்பாக இந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள்: டாக்டரின் மேசை இழுப்பறை பாதி திறந்திருக்கிறது, உள்ளே லட்டுப் பெட்டி.